தலையில் ஆறு, கண்ணோரம் இரண்டு, மோவாயில் மூன்று: நித்திரையை அளக்கப் பழகுபவர்களுக்கு

முதலில் தலைமுடியைப் பற்றிப் பேச வேண்டும். நித்திரை ஆய்வுக்கு வருகிறவர் நம் வீடுகளில் வளர்ந்தவரென்றால், முந்தைய நாள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருக்க நிறைய வாய்ப்புண்டு. நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போகிறாய், தலை படிந்திருக்க வேண்டும் என்று அம்மாவோ அக்காவோ தேய்த்துவிட்ட எண்ணெய் அது. மூளையின் மின்னலையைப் பிடிக்கத் தோலில் ஒட்டும் சிறு கிண்ணத்தை மின்வாய் என்கிறோம். அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் அது ஒட்டாது. ஒட்டினாலும் பின்னிரவு மூன்று மணிக்கு நழுவிவிடும். மூளையிலிருந்து புறப்பட்டு மண்டையோட்டையும் தோலையும் கடந்து நம்மிடம் வந்து சேரும் மின்னழுத்தம் மிக மிகச் சிறியது. ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குகள் மட்டுமே. இடையில் எண்ணெய் இருந்தால் அதுவும் ஒழுங்காக வந்து சேராது.

நான் கொழும்பில் பல வருடங்களாக இரவு விழித்திருந்து மற்றவர்களின் நித்திரையைப் பதிவு செய்கிறவள். ஆய்வு உதவியாளராகச் சேரும் பட்டதாரிகள், உடற்றொழிலியல் படிக்கும் மாணவர்கள், இரவுப் பணிக்கு மாற்றப்பட்ட தாதியர் என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். நல்ல நித்திரைப் பதிவு படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கையால் செய்யப்படுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் விட்ட பிழையை மறுநாள் எந்தக் கணினியும் திருத்தித் தராது. கீழே வருவதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் பற்றியவை.

மூன்று இடங்களில் ஏன் அளக்கிறோம்?

மனித மூளையின் மின்னலைகளை 1924இல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பேர்கர். அந்தப் பதிவைத்தான் இன்று ஈஈஜி என்கிறோம். 1937இல் அமெரிக்காவில் அல்ஃபிரட் லூமிஸும் அவருடைய குழுவினரும், நித்திரையின்போது இந்த அலைகள் மாறும் விதத்தைப் பார்த்து, நித்திரையை ஏ முதல் ஈ வரை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். இன்று ரெம் என்று நாம் சொல்லும், கண்கள் விரைந்து அசையும் நித்திரை அந்தப் பட்டியலில் இல்லை. அது வெளிப்பட இன்னும் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆனது.

1951 இறுதியில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் தன் எட்டு வயது மகன் ஆர்மண்டின் தலையிலும் கண்ணோரத்திலும் மின்வாய்களை ஒட்டிப் படுக்க வைத்தார். நடு இரவில், அலைகளைக் காகிதத்தில் வரையும் பேனாக்கள் விழித்திருக்கும் ஒருவருடையதைப் போல ஆடத் தொடங்கின. பையன் எழுந்துவிட்டான் என்று அறைக்குள் போய்ப் பார்த்தால், அவன் நல்ல நித்திரையில் இருந்தான். இந்தக் கண்டுபிடிப்பை அசெரின்ஸ்கியும் அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் 1953இல் வெளியிட்டார்கள். 1959இல் பிரான்சில் மிஷேல் ஜூவே, பூனைகளில் இதே நிலையின்போது கழுத்துத் தசைகள் முற்றாகத் தளர்ந்துவிடுவதைக் காட்டினார்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதியவர்கள் தலையில் ஒட்டுவதில் காட்டும் கவனத்தைக் கண்ணிலும் மோவாயிலும் காட்டுவதில்லை. தலைதான் முக்கியம், மற்றவை துணைக்கு என்று நினைக்கிறார்கள். மூளையலையை மட்டும் பார்த்தால் ரெம் நித்திரையும், என்1 என்ற மெல்லிய நித்திரையும், கண்ணைத் திறந்தபடி அமைதியாகப் படுத்திருக்கும் விழிப்பும் ஏறத்தாழ ஒரே மாதிரித் தெரியும். கண் எப்படி அசைகிறது, மோவாய்த் தசை தளர்ந்திருக்கிறதா என்ற இரண்டு விடைகளும் கிடைத்த பிறகே அந்த மூன்றையும் பிரிக்க முடியும். கைக்கடிகாரத்தில் வரும் நித்திரைக் கணக்கை நான் அளவோடுதான் நம்புவதும் இதனால்தான். அது அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. மூளையை அது பார்க்கவே இல்லை.

முந்தைய நாள் தொலைபேசி அழைப்பு

வருகிறவரை முந்தைய நாளே அழைத்துப் பேசுங்கள். ஷாம்பு போட்டுத் தலை முழுகி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய், ஜெல் எதுவும் இல்லாமல் வரச் சொல்லுங்கள். ஆண்கள் அன்று முகச்சவரம் செய்துவிட்டு வந்தால் நல்லது. ஆனால் விரதத்துக்காகவோ மார்க்கத்துக்காகவோ தாடி வைத்திருப்பவரை மழிக்கச் சொல்லாதீர்கள். தாடியை வகிடெடுத்துப் பிரித்துக் கிண்ண மின்வாயைப் பசையோடு ஒட்டலாம். சற்று நேரமெடுக்கும், அவ்வளவுதான்.

மதியத்துக்குப் பிறகு தேநீரும் கோப்பியும் வேண்டாம் என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் சொல்லாவிட்டால் பின்னேரத் தேநீரை நம்மவர்கள் விடமாட்டார்கள். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபேன் உடலுக்குள் போனால், அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் குடித்த தேநீரின் பாதி, இரவு பத்து மணிக்கு நாம் விளக்கை அணைக்கும்போதும் உடலில் இருக்கிறது. பகல் நித்திரையும் அன்று வேண்டாம். மதுவும் வேண்டாம்; அது இரவின் முற்பகுதியில் ரெம் நித்திரையை அடக்கிவிடும்.

மருந்துகளைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அது அவருடைய வைத்தியர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் என்ன மருந்து என்று தெரியாமல் அலைகளைப் படிக்க முடியாது. மனச்சோர்வுக்கான பல மருந்துகள் ரெம் நித்திரையைக் குறைக்கின்றன, அந்த நேரத்து மோவாய்த் தசைத் தளர்வையும் குழப்புகின்றன. டயசிபாம் வகை மருந்துகள் ஆழ்ந்த நித்திரையைக் குறைத்து, ஸ்பிண்டில் என்ற குறுகிய அலைக்கூட்டங்களைக் கூட்டுகின்றன.

ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். வந்தவருக்கு எந்த மொழி வசதியோ அந்த மொழியில் வாசித்துக் காட்டுங்கள். "இந்த வயர்களிலிருந்து எனக்குக் கரண்ட் பாயுமா?" என்று பலர் மனதுக்குள் பயந்துகொண்டு, வாய்விட்டுக் கேட்காமல் இருப்பார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் உடம்பிலிருந்து வருவதை நாங்கள் கேட்கிறோம், எங்களிடமிருந்து உங்களுக்கு எதுவும் வராது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு தோள்கள் தளர்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பெண்கள் வரும்போது பெண் ஒருவரே ஒட்ட வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும். முக்காடு அணிபவர் அதை எடுப்பதற்கு முன் இந்த ஏற்பாட்டை அவருக்குக் காட்டுங்கள். நெற்றியில் திருநீறும் சந்தனமும் பொட்டும் இருக்கும் இடத்தில்தான் பொதுவாக நில மின்வாயை, அதாவது கருவியின் பொதுப் புள்ளியாக இருக்கும் மின்வாயை, ஒட்டுகிறோம். "அம்மா, இந்த இடத்தை மட்டும் துடைக்கட்டுமா? காலையில் திரும்ப வைத்துக்கொள்ளலாம்" என்று கேட்டுவிட்டுத் துடையுங்கள். கேட்காமல் கை வைக்கக் கூடாது.

அறை

குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேடுகள் வியர்வையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டுப் போய்விடும். கொழும்பில் அது தனி அத்தியாயம். வியர்வையில் உப்பு இருக்கிறது. மின்வாய்க்கும் தோலுக்கும் இடையே அது கசியும்போது மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறி இறங்கும். திரையில் அது அகன்ற, சோம்பலான அலையாகத் தெரியும். ஆழ்ந்த நித்திரையின் டெல்டா அலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதவர், வியர்வையை என்3, அதாவது ஆழ்ந்த நித்திரை, என்று குறித்துவிடுவார்.

நானும் குறித்திருக்கிறேன். தொடக்க காலத்தில், அறுபது வயதைக் கடந்த ஒரு ஐயாவின் பதிவில், விடிகாலை நான்கு மணிக்கு மேல் ஏராளமான என்3 இருப்பதாக எழுதிக் கொடுத்தேன். என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். ஆழ்ந்த நித்திரை இரவின் முதல் மூன்றிலொரு பங்கில் குவிந்திருப்பது வழக்கம், அதுவும் வயதோடு குறைந்துகொண்டு போவது; இவருக்கு மட்டும் விடியும் நேரத்தில் எப்படி வந்தது? நான்கு மணிக்கு அறையில் என்ன நடந்தது? குறிப்பேட்டைப் புரட்டினால், குளிரூட்டி நின்றுபோன நேரம் என் கையெழுத்திலேயே இருந்தது.

எனவே அறையை 24 பாகை செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்ளுங்கள்; போர்வை கேட்டால் மெல்லியதைக் கொடுங்கள். மின்விசிறி தேவைப்பட்டால் காற்று வயர்களின் மேல் நேராக அடிக்காதபடி திருப்பி வையுங்கள், வயர் ஆடினாலும் திரையில் அலை ஆடும். வியர்வை அலை வந்துவிட்டால், மிக மெதுவான அலைகளை நீக்கும் வடிகட்டியைக் கூட்டி அதை மறைக்க வேண்டாம். ஈஈஜிக்குக் கீழ் வரம்பு 0.3 ஹேர்ட்ஸ்; ஹேர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கு. அதை ஒன்றுக்கு உயர்த்தினால் வியர்வையோடு உண்மையான டெல்டாவும் தேய்ந்துபோகும். அறையைக் குளிராக்குங்கள், தலையணையைத் திருப்பிப் போடுங்கள்.

மின்சாரம் அடுத்தது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சுவரிலும் மேசை விளக்கிலும் கைத்தொலைபேசி சார்ஜரிலும் ஓடும் அந்த 50 ஹேர்ட்ஸ், ஒழுங்காக ஒட்டாத மின்வாய் வழியாக உள்ளே புகுந்து கோட்டைத் தடித்த பட்டையாக்கிவிடும். மோவாய்த் தசையின் வரம்பு 10 முதல் 100 ஹேர்ட்ஸ் வரை என்பதால் அங்கேதான் அது அதிகமாகத் தெரியும். தலைமாட்டில் சார்ஜர் இருக்கக் கூடாது. மின்வாய் வயர்களைப் பின்னல் போலச் சேர்த்துக் கட்டி, சுவர் வயர்களுக்கு விலக்கிக் கொண்டுபோங்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. யூபிஎஸ் இல்லாமல் இரவுப் பதிவு தொடங்கக் கூடாது. பெரும்பாலான யூபிஎஸ் கணினியைத் தாங்கும், குளிரூட்டியைத் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் சொந்தமாகக் கருவி வாங்கிப் பரிசோதிக்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மருத்துவப் பாதுகாப்புக் காப்பு இல்லாத கருவியை மின்கலத்தில் மட்டும் இயக்குங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் மடிக்கணினியில் செருகிய கருவியை ஒரு மனிதத் தலையோடு இணைக்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் என்றால் புகையிரதம், மறுபக்கம் என்றால் காலி வீதி. கொட்டாஞ்சேனையில் பாங்கும் தேவாலய மணியும் கோயில் மணியும் விடியுமுன்பே தொடங்கிவிடும். பிறகு பாண் (ரொட்டி) விற்கும் முச்சக்கரவண்டி இசைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். ரெம் நித்திரை இரவின் கடைசி மூன்றிலொரு பங்கில்தான் அதிகம். ஆகவே நம் நகரத்தின் விடியற்காலைச் சத்தங்கள் கலைப்பது பெரும்பாலும் ரெம் நித்திரையைத்தான். அறையைத் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் வீதியோரத்தை விட்டு உள்பக்கமாக எடுங்கள்.

அளவு நாடாவும் பென்சிலும்

மின்வாய் வைக்கும் இடத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. 1958இல் ஹேர்பர்ட் ஜாஸ்பர் வகுத்த பத்து-இருபது முறை, தலையின் அளவைப் பத்து வீதம், இருபது வீதமாகப் பிரிக்கிறது. அதனால் சிறிய தலையோ பெரிய தலையோ, ஒரே இடத்தில் வைக்க முடிகிறது. இடப்பக்கத்துக்கு ஒற்றை எண், வலப்பக்கத்துக்கு இரட்டை எண்.

ஓர் உதாரணத்தோடு செய்து பார்ப்போம். மூக்கடியில், இரு கண்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்திலிருந்து உச்சி வழியாகப் பிடரியின் எலும்புப் புடைப்பு வரை அளக்கிறீர்கள். 36 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பாதி 18. அங்கே ஒரு கோடு. இனி ஒரு காதின் முன்னாலிருந்து மறு காதின் முன்வரை. வாயைத் திறந்து மூடும்போது விரலில் தட்டுப்படும் பள்ளம்தான் தொடங்கும் இடம். அது 35 என்றால் பாதி 17.5. இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் உச்சி மையம், சிஇசட். அங்கிருந்து காதை நோக்கி 35இல் இருபது வீதம், அதாவது 7 சென்ரிமீற்றர் இறங்கினால் இடப்பக்கம் சி3, வலப்பக்கம் சி4.

மூக்கடியிலிருந்து 36இல் முப்பது வீதம், 10.8 சென்ரிமீற்றர் மேலே வந்தால் முன்னந்தலையின் மையம். பிடரிப் புடைப்பிலிருந்து பத்து வீதம், 3.6 மேலே போனால் பின்தலையின் மையம். தலையைச் சுற்றி அளந்து 56 வந்தால், பின் மையத்திலிருந்து ஐந்து வீதமான 2.8 சென்ரிமீற்றர் இரு பக்கமும் நகர்ந்தால் ஓ1, ஓ2. எஃப்3, எஃப்4 இரண்டும் கொஞ்சம் சிரமப்படுத்தும். மூக்கடியிலிருந்து பத்து வீதம் மேலே உள்ள நெற்றி மையத்திலிருந்து சுற்றளவில் பதினைந்து வீதம், அதாவது 8.4 பக்கவாட்டில் போய் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிக்கும் முன்னந்தலை மையத்துக்கும் நடுவே எஃப்4 அல்லது எஃப்3 இருக்கும்.

முதல் பத்துத் தலைகளுக்கு இது அரைமணி நேரம் எடுக்கும். பரவாயில்லை. வீட்டில் அண்ணன், தங்கை, மாமி என்று யார் தலை தருவார்களோ அதில் மெழுகுப் பென்சிலால் அளந்து குறித்துப் பழகுங்கள். பசை தேவையில்லை, கருவியும் தேவையில்லை.

காதின் பின்னால் உள்ள எலும்பு மேடுகள் எம்1, எம்2. தலையின் வலப்பக்க மின்வாயை இட மேட்டோடு, அதாவது எம்1 உடன் ஒப்பிட்டுப் பதிவு செய்கிறோம். இரண்டுக்கும் இடையே தூரம் கூடும்போது அலை பெரிதாகத் தெரியும். எஃப்4, சி4, ஓ2 மூன்றும் முதன்மை. எஃப்3, சி3, ஓ1 மூன்றும் எம்2 உடன் சேர்ந்து மாற்றாகக் காத்திருப்பவை. ஒரு மேட்டின் மின்வாய் கழன்றால் மூன்று தடங்கள், அதாவது திரையில் ஓடும் மூன்று கோடுகள், ஒரே நேரத்தில் போய்விடும். ஆகவே காதின் பின்னால் ஒட்டும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். அங்கேதான் எண்ணெய்ப் பிசுக்கும் அதிகம்.

தோல், பசை, கண், மோவாய்

சீப்பின் வாலால் முடியைப் பிரித்துத் தோலைக் காணுங்கள். சொரசொரப்பான சுத்திகரிப்பு ஜெல்லைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுச் சில தடவை தேயுங்கள். இறந்த தோல் போனால் போதும், சிவக்கக் கூடாது. கிண்ண மின்வாயில் பசையை நிரப்பி அழுத்தி, மேலே சிறு துணித்துண்டு வைத்து மீண்டும் அழுத்துங்கள். பசை பரவி அடுத்த மின்வாயைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கூடுதல் பசை போட்டால் கூடுதல் பிடிப்பு என்று நினைப்பது தவறு.

கண்ணுக்கு இரண்டு: இடக் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் கீழே ஒன்று, வலக் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் மேலே மற்றது. இரண்டுமே எம்2 உடன் ஒப்பிடப்படும். ஒன்று மேலே, ஒன்று கீழே ஏன்? கண் ஒரு சிறிய மின்கலம். முன்பக்க விழிவெண்படலம் நேர்மின் பக்கம், பின்பக்க விழித்திரை எதிர்மின் பக்கம். கண்கள் இடப்பக்கம் திரும்பும்போது இடக் கண்ணின் முன்பக்கம் தன் மின்வாயை நெருங்குகிறது, வலக் கண்ணின் முன்பக்கம் தன்னுடையதை விட்டு விலகுகிறது. திரையில் இரண்டு கோடுகளும் எதிரெதிராகப் போகும். மேலும் கீழும் வைத்திருப்பதால் கண் மேலே, கீழே போனாலும் இதே எதிரெதிர் ஓட்டம் கிடைக்கும். மூளையின் பெரிய அலைகள் கண் தடத்துக்குள் கசியும்போது இரண்டு கோடுகளும் ஒரே திசையில் போகும். கண்ணசைவையும் மூளையலையையும் ஒரே பார்வையில் பிரித்துக் காட்டும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

மோவாய்க்கு மூன்று. தாடையெலும்பின் கீழ் விளிம்புக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே நடுவில் ஒன்று. விளிம்புக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே, நடுக்கோட்டிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் இடமும் வலமுமாக இரண்டு. மேலே உள்ளதும் கீழே உள்ளதில் ஒன்றும் சேர்ந்து ஒரு தடம், மிஞ்சியது மாற்றுக்கு. வருகிறவரிடம் "மோவாய்" என்று சொன்னால் விளங்காமல் போகலாம். நாங்கள் "நாடி" என்றுதான் சொல்வோம். வயதானவர்கள் சிலர் அதைக் கேட்டு மணிக்கட்டை நீட்டுவார்கள், ஆகையால் தொட்டுக் காட்டுங்கள்.

எல்லாம் ஒட்டியபின் ஒவ்வொன்றின் மின்தடையையும் பாருங்கள். 5 கிலோஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்று கூடுதலாக இருந்தால், அப்படியே விட்டுப் பார்ப்போம் என்று எண்ணாமல் எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். பதிவு வேகம் நொடிக்கு 500 மாதிரிகள் இருப்பது நல்லது; குறைந்தது 200.

விளக்கணைக்கும் முன்

அவர் படுத்தபின் பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கியில் சில சிறு வேலைகளைச் செய்யச் சொல்ல வேண்டும். கண்களைத் திறந்து முப்பது நொடி நேரே பாருங்கள். இனி முப்பது நொடி மூடிக்கொள்ளுங்கள். தலையை அசைக்காமல் இடம், வலம் பாருங்கள். மேலே, கீழே பாருங்கள். ஐந்து முறை கண் சிமிட்டுங்கள். பற்களைக் கடியுங்கள், விடுங்கள்.

பலர் இதைச் சடங்காக முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்கள். நான் இதை அந்த மனிதரின் அகராதி என்று நினைக்கிறேன். கண்ணை மூடியதும் ஓ2 தடத்தில் நொடிக்கு 8 முதல் 13 தடவை துடிக்கும் அல்பா அலை வருகிறதா? ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது வருவதில்லை. அவருக்கு நித்திரையின் தொடக்கத்தை வேறு அடையாளங்களால் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இடம் வலம் பார்க்கும்போது கோடுகள் எதிரெதிராகப் போகாவிட்டால் எங்கோ வயர் மாறியிருக்கிறது. பற்களைக் கடிக்கும்போது மோவாய்த் தடம் தடித்து, விட்டதும் மெலிய வேண்டும். தசை தளர்வதற்கென்று பொதுவான மைக்ரோவோல்ட் (வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவு கிடையாது. இவருடைய விழிப்பு அளவோடு இவருடைய ரெம் அளவை ஒப்பிடுவதுதான் வழி.

விளக்கணைத்த நேரத்தை எழுதுங்கள். அதன்பின் குறிப்பேடுதான் உங்கள் வேலை: புரண்டார், இருமினார், கழிவறைக்குப் போனார், வெளியே நாய் குரைத்தது, குளிரூட்டி நின்றது. ஒரு மின்வாய் கழன்றால் உடனே ஓடாதீர்கள். காத்திருக்கும் தடம் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு, அவராக விழிக்கும்போது போய்ச் சரிசெய்யலாம். பழக்கமில்லாத கட்டிலில் முதல் இரவு யாருக்கும் நித்திரை குறையும், ரெம் தள்ளிப்போகும். இதை 1966லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கு உண்மையான அளவு வேண்டுமென்றால் முதல் இரவைப் பழக்க இரவாக விட்டு இரண்டாவதைக் கணக்கில் எடுங்கள்.

காலையில் இளஞ்சுடுநீரில் நனைத்த துணியால் பசையை ஊறவைத்து மெதுவாகக் கழற்றுங்கள். மின்வாய்களை அன்று காலையே கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். காய்ந்த பசை சுலபத்தில் போகாது.

960 பக்கங்கள்

பதிவை முப்பது நொடித் துண்டுகளாகப் படிக்கிறோம். அந்த முப்பது காகிதக் காலத்தின் எச்சம். நொடிக்கு 10 மில்லிமீற்றர் ஓடிய காகிதத்தில் 30 சென்ரிமீற்றர் பக்கம் ஒன்றில் முப்பது நொடி அடங்கியது. எட்டு மணி நேரம் என்றால் 960 பக்கம், 288 மீற்றர் காகிதம். நாம் திரையில் பார்க்கிறோம், பக்கக் கணக்கு அப்படியே இருக்கிறது. 1968இல் ரெக்ட்ஷாஃபனும் கேல்ஸும் தொகுத்த விதிகளை 2007இல் அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் திருத்தி, பழைய மூன்றாம் நான்காம் நிலைகளை என்3 என்று ஒன்றாக்கியது.

பக்கத்தில் பாதிக்கு மேல் பின்தலையில் அல்பா இருந்தால் விழிப்பு. அல்பா கலைந்து, உயரம் குறைந்த, நொடிக்கு 4 முதல் 7 வரையான கலப்பு அலைகள் பாதிக்கு மேல் நிறைந்தால் என்1. கண்கள் ஊஞ்சல் போல மெதுவாக உருளத் தொடங்கியிருக்கும்.

என்2க்கு இரண்டு அடையாளங்கள். ஸ்பிண்டில் என்பது நூல் நூற்கும் கதிர் போல இரு முனையும் மெலிந்து நடுவில் பருத்த அலைக்கூட்டம். நொடிக்கு 11 முதல் 16 தடவை, குறைந்தது அரை நொடி நீளம். கே கொம்பிளெக்ஸ் ஒரு கூர்மையான எதிர்மின் முனையோடு மேலே எழுந்து, உடனே கீழே இறங்கும் தனியலை. அதுவும் அரை நொடிக்குக் குறையாது. ஈஈஜியில் எதிர்மின் பக்கம் மேல்நோக்கி வரையப்படும் என்பதை மறந்தால் இதைத் தலைகீழாகத் தேடுவீர்கள். இவற்றில் ஒன்று பக்கத்தின் முதல் பாதியிலோ முந்தைய பக்கத்தின் பின்பாதியிலோ வந்தால், அந்தப் பக்கத்திலிருந்து என்2. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அவை வர வேண்டியதில்லை. விழிப்போ வேறு நிலையோ குறுக்கிடும்வரை என்2 தொடரும். வளர்ந்தவரின் இரவில் ஏறத்தாழப் பாதி இதுதான்.

முன்னந்தலைத் தடத்தில் 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய, நொடிக்கு 0.5 முதல் 2 வரையான மெதுவலைகள் பக்கத்தின் இருபது வீதத்தை, அதாவது ஆறு நொடியைப் பிடித்தால் என்3. கண்ணுக்குப் பட்டதை நம்பாமல், தொடக்கத்தில் அளவுகோடு வைத்து எண்ணுங்கள். இங்கேதான் வியர்வை ஏமாற்றும். அது பெரும்பாலும் இன்னும் மெதுவானது, வடிவமற்றது. தலையணையில் அழுந்தியிருக்கும் பக்கத்துத் தடங்களில் அதிகம் தெரியும்.

இனி ரெம். மூளையலை தாழ்ந்து கலந்து, சில வேளை அரம் போன்ற பல் வரிசையோடு. மோவாய்த் தடம் இரவிலேயே மிக மெலிந்து. கண் கோடுகள் திடீர் திடீரென்று எதிரெதிராகக் கூர்ந்து பாய்ந்து. மூன்றும் ஒரே பக்கத்தில் சேரும்போது ஐயமே இருக்காது. அடுத்த பக்கத்தில் கண்கள் அமைதியாகிவிடலாம். மூளையலையும் மோவாய்த் தளர்வும் மாறாதிருந்தால், ஸ்பிண்டிலோ கே கொம்பிளெக்ஸோ குறுக்கிடாதவரை அதுவும் ரெம்தான். மோவாய் தடித்து, மூளையலை மூன்று நொடிக்குக் குறையாமல் விரைவுபட்டால் அது சிறுவிழிப்பு. அந்த மனிதருக்குக் காலையில் அது நினைவிருக்காது. பாண் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று உங்கள் குறிப்பேட்டில் இருக்கும்.

முதல் ரெம் வழக்கமாக நித்திரை தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வரும். பிறகு சுழற்சிக்குச் சுழற்சி நீளும். மிக முன்னதாக வந்தால் வியப்படைவதற்கு முன் மருந்துப் பட்டியலையும் முந்தைய இரவுகளின் நித்திரைக் குறைவையும் பாருங்கள். காரணம் சொல்வது வைத்தியரின் பொறுப்பு. பதிவைப் பார்த்து "உங்களுக்கு இந்த நோய்" என்று நாம் வாயைத் திறக்கக் கூடாது, அவர் எவ்வளவு வற்புறுத்திக் கேட்டாலும்.

பழகுவதற்கு நான் சொல்லும் வழி இது. ஒரே இரவை நீங்களும் அனுபவமுள்ள ஒருவரும் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் முழுதாகக் குறியுங்கள். பிறகு அருகருகே இருந்து, வேறுபட்ட பக்கங்களை மட்டும் திறந்து பேசுங்கள். பெரும்பாலான கருத்து வேறுபாடு என்1இல் இருக்கும்; எவ்வளவு அனுபவமுள்ளவர்களுக்கிடையிலும் அப்படித்தான். ஆனால் ரெம் பக்கங்களில் நீங்கள் இருவரும் வேறுபட்டால், விதிப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அந்த நேரத்து மோவாய்த் தடத்தின் மின்தடையைப் பாருங்கள்.